கண்டனான் என்று எழுதியவன்

1

போன செவ்வாய்க்கிழமை காலை பேர்மிங்காமுக்கு வடக்கே பெருந்தெருவில் வந்துகொண்டிருந்தபோது, நான் ஓட்டிய லொறியின் முன்கண்ணாடி ஒரு நொடியில் வெள்ளையாகிப் போனது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அங்கே நாங்கள் ஓடிய பழைய லொறிகளில் கல் பட்டால் கண்ணாடி வெடித்துக் கோடுகோடாய்ப் பிளக்கும், பிறகு துண்டு துண்டாய் விழும். இங்குள்ள கண்ணாடி அப்படியில்லை. சுண்டுவிரல் நகமளவு கல் போதும், முழுக்கண்ணாடியும் பொடியாகிவிடும். ஆனால் விழாது, இருந்த இடத்திலேயே நிற்கும். கண்ணுக்கு முன்னால் யாரோ வெள்ளைச் சீலையை இழுத்துப் பிடித்ததுபோல் இருக்கும். தெரு தெரியாது, முன்னால் போகிற வண்டி தெரியாது. கம்பனியில் சேர்ந்த முதல் வாரமே இதற்கு என்ன செய்வதென்று சொல்லித்தருவார்கள்: பிறேக்கை அமத்தாதே, கையுறையோடு ஓங்கிக் குத்து.

குத்தினேன். ஒரு தலையளவு ஓட்டை விழுந்தது. மாசி மாதத்துக் குளிர்காற்று அதனூடாக வந்து முகத்தில் அறைந்தது. கண்ணீர் வடிய வடிய ஓரத்துக்கு எடுத்து நிறுத்தி, மீதிக் கண்ணாடியையும் தட்டிக் கொட்டிவிட்டு, பன்னிரண்டு மைல் மெதுவாக ஓட்டிக்கொண்டு கம்பனி வந்து சேர்ந்தேன். பின்னால் ஏற்றியிருந்த பெயின்ற் தகரங்களில் ஒன்றுகூட உருளவில்லை. பதினைந்து வருடம் ஸ்ரியறிங் வளையம் பிடித்த கை இது. அந்த அளவுக்கு எனக்கு என்மேல் நம்பிக்கை உண்டு.

கம்பனியில் கந்தோர்க்காரர் ஒரு படிவத்தை நீட்டினார். இங்கே எதற்கும் படிவம்தான். எங்கே உடைந்தது, எப்படி உடைந்தது, முன்னே சென்ற வாகனத்துக்கும் உமக்கும் இடையில் எவ்வளவு தூரம், கண்ட சாட்சி உண்டா.

பக்கத்தில் டெனிஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அயர்லாந்துக்காரன். என்னைப்போலவே லொறி ஓட்டுகிறவன். எனக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் நண்பன். அவன் படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கமாய் வந்த வண்டியிலிருந்து கல் பறந்தது என்று எழுது, சாட்சிக்கு என் பெயரைப் போடு, நான் உனக்குப் பின்னால் வந்தேன் என்று சொல்கிறேன் என்றான். அன்று காலை முழுவதும் அவன் கம்பனி முற்றத்தில் தகரம் ஏற்றிக்கொண்டிருந்தவன்.

நான் வேண்டாம் என்றேன். முன்னால் சல்லிக்கல் ஏற்றிய லொறி போனது, நான் அதற்கு மிகக் கிட்டப் போனேன், அதிலிருந்து கல் பறந்தது என்று எழுதிக் கொடுத்தேன். கந்தோர்க்காரர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என் ஆங்கிலத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்து, "மிகக் கிட்ட என்று எழுதியிருக்கிறீர். கிட்ட இல்லை என்றுதானே சொல்ல வந்தீர்?" என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார். கிட்டத்தான் என்றேன்.

டெனிசுக்குக் கொஞ்சம் மனவருத்தம். உதவி செய்ய வந்தவனை முகத்தில் அடித்ததுபோலாகிவிட்டது. ஏன் என்று கேட்டான். அதைச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. உங்களுக்குத் தமிழில் சொல்லலாம்.

2

வீட்டிலும் இதே கேள்விதான். மனைவி தவமணிக்குக் கேட்கத் தேவையில்லை. அவள் கதை தெரிந்தவள். கையில் ஏறியிருந்த கண்ணாடித் துகள்களை ஊசியால் எடுத்துவிட்டாள். மகன் ரவிதான் விடவில்லை. அவனுக்கு எட்டு வயது. நாங்கள் தமிழில் பேசினால் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். சாட்சி என்ற சொல் அவனுக்குத் தெரியவில்லை. கண்டவர் என்றேன். கண்டவர் என்றால் டெனிஸ் மாமா காணவில்லையே என்றான். அதுதான் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆனால் அவர் உங்களுக்கு நல்லது செய்யத்தானே பார்த்தார் என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

அவன் கேட்டது சரி. நல்லவர்கள்தான் அப்படிச் செய்வார்கள். கெட்டவன் எவனும் எனக்காகப் பொய்க் கையெழுத்துப் போட வரப்போவதில்லை. மீரானும் நல்லவன்தான்.

3

மீரான் முல்லைத்தீவுக்காரன், கருவாட்டு வியாபாரியின் மகன். நான் கிளிநொச்சிக் குடியேற்றத்தில் வயல் எடுத்துவந்த குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை. வயலில் எனக்கு மனம் ஒட்டவில்லை. அவனுக்குக் கடையில் மனம் ஒட்டவில்லை. இருவரும் லொறி ஓட்டப் பழகியது புதுக்குடியிருப்பில் ஒரே மனிதரிடம். அந்தப் பழக்கத்தில் சேர்ந்து ஒரு பழைய லொறி வாங்கினோம். முல்லைத்தீவிலிருந்து கருவாடு ஏற்றி, ஒட்டுசுட்டான், மாங்குளம், கனகராயன்குளம் தாண்டி வவுனியா ஸ்ரேசனில் இறக்குவோம். அங்கிருந்து அது ரயிலில் கொழும்புக்குப் போகும். திரும்பும்போது மாவும் சீனியும் மண்ணெண்ணெயும் வரும். அனேகமாக இருவருமாய்த்தான் போவோம். ஒருவன் லொறி ஓட, மற்றவன் கதை சொல்லுவான். என்னை அவன் குரு என்றுதான் கூப்பிடுவான்.

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. முன்னால் ஒரு வண்டி போனால் அதை முந்தாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஒருமுறை பஸ் ஒன்றை முந்தப்போய்ப் பக்கக் கண்ணாடியை உடைத்தேன். அன்று மீரான் இனி முந்தமாட்டேன் என்று என்னிடம் வாக்கு வாங்கினான்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஆகியிருக்கும். அவனுடைய தகப்பனின் தம்பி, சாச்சாவின் மகளுக்குக் கலியாணம். நான் தனியே கருவாட்டோடு வவுனியாவுக்குப் புறப்பட்டேன். கனகராயன்குளம் தாண்டியதும் தெருப்போடுகிற பகுதியாரின் லொறி ஒன்று சல்லி ஏற்றிக்கொண்டு முன்னால் ஊர்ந்தது. பின்னேர ரயிலைப் பிடிக்கவேண்டும். முந்த இடம் பார்த்து அதன் வாலோடு ஒட்டிக்கொண்டே போனேன். அது ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது மேலிருந்து கற்கள் சிந்தின. ஒன்று கண்ணாடியின் நடுவில் பட்டது. வவுனியா போய்ச் சேருமுன் அரைவாசிக் கண்ணாடி என் மடியில் கிடந்தது. நெற்றியில் ஒரு கீறல். ரயிலும் போய்விட்டது.

மறுநாள் மீரான் லொறியைப் பார்த்தான். முதலில் என் நெற்றியைப் பார்த்தான், பிறகு கண்ணாடியை. என்ன நடந்தது என்று கேட்டான். வாக்குக் கொடுத்து ஒரு மாதம்தான். வாயில் முதலில் வந்தது மயில். பெட்டைமயில் ஒன்று காட்டுக்குள்ளிருந்து பறந்துவந்து அடித்துவிட்டது என்றேன். அந்தப் பகுதியில் அது நடக்காத காரியமில்லை. மாங்குளத்துக் காட்டில் பஸ்களில் மயில் அடிபடுவதுண்டு. அவன் சந்தேகப்படவில்லை. "உனக்கு ஒண்டும் ஆகேல்லை, அது போதும்" என்றான்.

4

கண்ணாடி வாங்குவது லேசாக இருக்கவில்லை. கொழும்பில் தட்டுப்பாடு. விபத்தென்று பொலிஸ் பதிவு காட்டினால்தான் பெயரை வரிசையில் எழுதி வைத்துக்கொள்வோம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். இருவரும் வவுனியாப் பொலிசுக்குப் போனோம். நான் மயில் கதையைச் சொன்னேன். சார்ஜன் எழுதினார். எழுதி முடித்து, கண்டவர் யார் என்று கேட்டார்.

மீரான் முன்னுக்கு வந்து, தான் பக்கத்துச் சீற்றில் இருந்ததாகச் சொன்னான். அவனுக்கு அழகான எழுத்து, ஆங்கிலமும் தெரியும். பெட்டைமயில் இடப்பக்கக் காட்டிலிருந்து வந்ததைக் கண்டேன் என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்து வைத்தான். வெளியே வந்ததும், இல்லாவிட்டால் கண்ணாடி எப்போது கிடைக்கும் என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வாயும் திறக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு கடிதம் வந்தது. வனவிலங்குகளைப் பார்க்கிற கந்தோரிலிருந்து. மயில் கொல்லக்கூடாத பறவை. அந்தக் கிழமைகளில் கனகராயன்குளத்துக் காட்டில் யாரோ மயில் சுட்டுத் தின்றிருக்கிறார்கள். இறகுக் குவியல் கிடந்திருக்கிறது. விசாரித்துக்கொண்டு போன அதிகாரியின் கண்ணில் எங்கள் பொலிஸ் பதிவு பட்டுவிட்டது. அடிபட்ட மயிலை என்ன செய்தீர்கள், நேரில் வந்து சொல்லவேண்டும், வழக்கு வைத்தால் லொறியையும் பிடித்து வைக்கலாம் என்று எழுதியிருந்தது.

அப்போது ரவி கைக்குழந்தை. தவமணி, பிள்ளை அழுததற்கு நான் எரிந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு என்ன என்று கேட்டாள். அவளுக்குத்தான் முதலில் சொன்னேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "என்னட்டைச் சொல்லி என்ன? கையெழுத்து வைச்ச மனிசனெல்லோ தெரிஞ்சிருக்க வேணும்" என்றாள்.

5

விசாரணைக்கு ஒரு காலைநேரம் கருவாடும் ஏற்றிக்கொண்டு கண்ணாடியில்லாத லொறியிலேயே வவுனியாவுக்குப் புறப்பட்டோம். நான்தான் ஓடினேன். மீரான் வெள்ளைச் சேட்டுப் போட்டு, தொப்பியைக் காற்றுக் கொண்டுபோகாமல் மடியில் வைத்திருந்தான். மாங்குளம் வரைக்கும் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டு வந்தான். மயில் அடிபட்டுத் தத்தித் தத்திக் காட்டுக்குள் போய்விட்டது, நாங்கள் தொடவில்லை. அவ்வளவுதான். நீதவானிடம் போனாலும் அதுதான் கதை.

"குர்ஆனில கைவைச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னா?" என்று நான் கேட்டேன்.

அவன் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பி வைத்தான். "கண்டனான் எண்டு எழுதிப்போட்டன். இனி அதைத்தான் சொல்லவேணும். அல்லா மன்னிப்பான், குரு. நான் காணாட்டியும் நடந்தது உண்மைதானே" என்றான்.

நான் லொறியை ஓரத்தில் நிறுத்தினேன். அவன் ரேடியேற்றரில் தண்ணீர் இல்லையாக்கும் என்று நினைத்து இறங்கப்போனான். இரு என்றேன். சல்லி லொறியையும் பள்ளத்தையும் கல்லையும் சொன்னேன். மயில் எதுவும் வரவில்லை என்றேன். தெருவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், அவனைப் பார்க்கவில்லை.

அவன் இறங்கித் தெருவோரமாய் நடந்தான். ஒரு பாலம் வரைக்கும் போய் அதன் ஓரக்கட்டின்மேல் குந்தியிருந்தான். நான் பின்னால் போகவில்லை. கருவாட்டுச் சாக்குகளில் இலையான் மொய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் திரும்பிவந்து என் பக்கக் கதவடியில் நின்றான்.

"நான் ஒண்டையும் காணேல்லை. உன்னை நம்பித்தான் கண்டனான் எண்டு எழுதினனான்."

அவ்வளவுதான் சொன்னான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். சுற்றிவந்து ஏறி இருந்து, "ஓடு" என்றான்.

அதிகாரி சிங்களவர். தமிழை நிதானமாக, பிழையில்லாமல் பேசினார். அவர் கேள்வி கேட்குமுன் நானே எழும்பி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மீரானைப் பார்த்து, நீர் என்ன கண்டீர் என்று கேட்டார். மீரான் என்மேல் பழி போடவுமில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவுமில்லை. "ஒண்டும் காணேல்லை ஐயா. காணாததைக் கண்டனான் எண்டு எழுதினது என்ரை பிழை" என்றான்.

அதிகாரி பேனையை மூடி வைத்தார். இத்தனை வருடத்தில் மயில் கொன்றதை இல்லையென்று சொன்ன ஆட்களைத்தான் கண்டிருக்கிறேன், கொல்லாத மயிலைக் கொன்றதாகச் சொன்ன ஆட்களை இன்றுதான் காண்கிறேன் என்றார். அவர் சிரிக்கவில்லை. ஒரு குறிப்பு எழுதித் தந்து பொலிசுக்கு அனுப்பினார். அங்கே சார்ஜன் எங்கள் இருவரையும் நன்றாக ஏசினார். பழைய பதிவு வெட்டப்பட்டு, கல் பட்டதென்று புதிய பதிவு எழுதப்பட்டது. வழக்கு வைக்கவில்லை. என் லைசன்சை மாத்திரம் இரண்டு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். பதிவு வெட்டப்பட்டதால் கொழும்புக் கடையில் எங்கள் பெயர் வரிசையின் கடைசிக்குப் போனது.

6

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வியாழக்கிழமை கம்பனி முடிவு தெரிந்தது. மேலாளர் கூப்பிட்டு, இந்த வருடம் நல்ல சாரதிகள் பட்டியலில் என் பெயர் வராது என்றார். இரண்டு கிழமை முற்றத்து வேலை, பிறகு பழையபடி பெருந்தெரு. சரி என்றேன். போகும்போது, நீ ஏன் இப்படி எழுதினாய் என்று அவரும் கேட்டார். கிட்டப் போனேன் என்றபடியால் என்றேன். இப்போது அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. டெனிஸ் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள் முற்றத்தில் எனக்கும் சேர்த்துத் தேநீர் கொண்டுவந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச்சொல்லியிருக்கிறேன். உறைப்பைக் குறைக்கும்படி தவமணியிடம் ரவி சொல்லிவைத்திருக்கிறான்.

7

அந்த விசாரணைக்குப் பிறகு ஊரில் மாரி தொடங்கிவிட்டது. கண்ணாடி இல்லை. எனக்கு லைசன்ஸ் இல்லை. மீரான்தான் ஒவ்வொரு நாளும் ஓடவேண்டும். ஒரு வாத்தியார் மோட்டார்சைக்கிளில் போகையில் கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியை இரவல் வாங்கிப் போட்டிருந்தான். மழை அதன்மேல் அடித்தால் ஒன்றும் தெரியாது. கழற்றினால் கண்ணைத் திறக்கமுடியாது. வன்னி மழை எப்படி விழுமென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லொறிக்குள் கால்மிதிவரை தண்ணீர் நிற்கும்.

முதல் இரண்டு கிழமையும் அவன் என்னோடு தேவைக்கு மாத்திரம் கதைத்தான். இடது பார், கயிறு இழு, தேத்தண்ணி வேணுமா. பழைய கதைகள் ஒன்றுமில்லை. நான் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு நிமிடமும் அவன் போட்டிருந்த கண்ணாடியைச் சாறத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்தேன். என் பக்கம் நனையாமல் சாக்கைக் கட்டிக்கொள்ளச் சொன்னான். கட்டவில்லை. அவன் நனைய நான் காய்ந்திருக்க எனக்கு மனமில்லை.

ஒருநாள் ஒட்டுசுட்டான் தாண்டியபின் மழை வானத்தைப் பிளந்துகொண்டு வந்தது. துடைக்கத் துடைக்க ஒன்றும் தெரியவில்லை. அவன் நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தான். இருவரும் தொப்பலாய் நனைந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"முந்தப் பாத்தா முந்தப் பாத்தனான் எண்டு சொல்லியிருக்கலாம்" என்றான் அவன். "நான் ஏசியிருப்பன். ஏசிப்போட்டுக் கையெழுத்தும் வைச்சிருப்பன்."

"வைச்சிருப்பாய் எண்டுதான் சொல்லேல்லை" என்றேன்.

அது அரைவாசி உண்மை. அவனுக்கும் அது தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்து, இன்னும் முழுதாய்ச் சொல்லப் பழகவில்லை என்றான். பிறகு, மழை விடும்வரைக்கும், தன் சாச்சாவின் மகள் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு போகப்பார்த்த கதையைச் சொன்னான். எனக்காக இரண்டு மாதமாக அதை வைத்திருந்திருக்கிறான்.

தை மாதம் கண்ணாடி வந்தது, வைக்கோல் அடைத்த பெட்டியில், ரயிலில். பூட்டத் தெரிந்த ஆள் வவுனியாவில் இல்லை. ஸ்ரேசன் முற்றத்தில் நாங்களே பூட்டினோம். றப்பரைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் பூசி, அதன் பள்ளத்துக்குள் கயிறு ஓட்டி, நான் வெளியே நின்று இரண்டு கையாலும் கண்ணாடியை அமத்த, அவன் உள்ளே இருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாய் இழுத்தான். கயிறு வர வர றப்பர் உதட்டைப் பிரித்துக் கண்ணாடியைக் கவ்வியது. மூன்றுதரம் பிசகி நான்காந்தரம் சரிவந்தது. லொறித் திறப்பை என்னிடம் எறிந்தான். அன்றுதான் லைசன்சும் திரும்பிக் கிடைத்திருந்தது. வீடுவரைக்கும் நான் ஓடினேன். மாங்குளத்துக்கு இப்பால் ஒரு மாட்டுவண்டிக்குப் பின்னால் அரைமணி நேரம் போனோம். அவன் நித்திரையாகிவிட்டான்.

8

சில வருடங்களுக்குப் பிறகு வேலை அனுமதி கிடைத்து நான் இங்கே வரப் புறப்பட்டபோது, என்னோடு தொழில் செய்த ஒருவரின் நற்சாட்சிக் கடிதம் வேண்டும் என்றார்கள். எனக்கு அப்படியிருந்த ஒரே ஆள் மீரான்தான். கேட்க வாய் வரவில்லை. சாட்சி என்ற சொல்லை அவன் முன்னால் எடுக்கவே கூசினேன். தவமணி போய்ச் சொல்லியிருக்கிறாள். புறப்படுகிற அன்று முல்லைத்தீவிலிருந்து வந்து, ஒட்டிய கடித உறை ஒன்றை என் சேட்டுப் பையில் வைத்தான். அது முதலாளிக்கு, நீ திறக்காதே என்றான்.

நான் திறக்கவில்லை. பேர்மிங்காமில் இதே கம்பனியில் வேலை கேட்டுப் போனபோது அப்போதிருந்த மேலாளர்தான் திறந்தார். வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, அது என்ன பொய் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டியதும்தான் விளங்கியது. பெட்டைமயிலுக்கு ஆங்கிலச் சொல் தெரியாமல் மயிலின் மனைவி என்று சொல்லி, கையாலும் காலாலும் கதையை விளக்கினேன். அவர் மேசையில் தலைவைத்துச் சிரித்தார். திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு வரச்சொன்னார்.

கடிதத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு பஸ்சில் ஏறினேன். மேல்தட்டில் தனியாய் இருந்துதான் ஒழுங்காய் வாசித்தேன். அவனுடைய அழகான எழுத்து, நாலே வரி. தமிழில் அதைச் சொன்னால் இப்படி வரும்:

"இவரோடு ஆறு வருடம் ஒரே லொறியில் தொழில் செய்தேன். இவர் என்னிடம் ஒரு பொய் சொன்னார். அது பொய்யென்று எனக்கு வந்து சொன்னவரும் இவர்தான், வேறு யாரும் இல்லை. இதை நான் கண்டேன்."